நாய், ஆடு, பன்றி, நாம்: புழுச் சுற்றை எந்த வரிசையில் அறுப்பது? (முழுமையான வழிகாட்டி)

நெல்லை, தென்காசிப் பக்கம் களக்காடு, பாபநாசம், கடையத்தை ஒட்டிய மலையடிவார ஊர்களுக்கும், கிழக்கே கரிசலில் கிடை போடுகிற, அதாவது ஆட்டு மந்தையை வயலில் அடைக்கிற ஊர்களுக்கும் இது எழுதப்பட்டது. நாய்க்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் நடுவே சில புழுக்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை நிறுத்த வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் வேலையாக மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார்கள். மாத்திரை தேவைதான், ஆனால் அது ஐந்தாவது படி. இன்றைக்கு நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே நாய்க்கு ஆட்டு நுரையீரலைத் தூக்கிப் போட்டால் மருந்துக்குக் கொடுத்த காசு போச்சு.

வேட்டையை நம்பி வாழ்ந்த பல சமூகங்களில் இந்தச் சுற்று பலமாக இருக்கும். வேட்டைக்காரன் விலங்கை அடித்த இடத்திலேயே வயிற்றைக் கிழிப்பான், குடலும் ஈரலும் நாய்க்கு, சதை வீட்டுக்கு. கூட ஓடி உழைத்த நாய்க்கு அது நியாயமான பங்குதான். நம் பக்கம் வேட்டை பெரும்பாலும் நின்றுபோனது, 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. வேட்டை நின்றாலும் நாய்க்குப் பங்கு போடுகிற பழக்கம் நிற்கவில்லை. அது காட்டிலிருந்து கறிக்கடைக்கும், கிடா வெட்டுகிற கோயில் கொடைத் திருவிழாவுக்கும் இடம் மாறிவிட்டது. அறுக்க வேண்டிய இடம் அதுதான்.

1. எந்தப் புழு எங்கே இருக்கிறது

எல்லாப் புழுவின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எது எந்த உடம்பிலிருந்து எந்த உடம்புக்குப் போகிறது என்று தெரிந்தால் போதும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் அறுக்கும் இடம் வேறு வேறு.

நீர்க்கட்டிப் புழு. எக்கினோகாக்கஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வளர்ந்த புழு நாயின் சிறுகுடலில் இருக்கும், நீளம் சில மில்லிமீட்டர்தான். முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து புல்லிலும் மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேய்கிற ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் நிறைந்த கட்டியாக வளரும். அந்தக் கட்டியை நாய் தின்றால் சுமார் ஆறு வாரத்தில் அதன் வயிற்றில் மறுபடி முட்டையிடும் புழு தயார். நாம் இந்தச் சுற்றுக்குள் தற்செயலாக மாட்டுகிறவர்கள். முட்டை நம் வாய்க்குள் போனால் ஆட்டுக்கு வந்த அதே கட்டி நமக்கும் வரும், அதிகமாக ஈரலில், அடுத்தபடியாக நுரையீரலில். பல வருஷம் வலியே இல்லாமல் வளரும்.

பன்றி நாடாப்புழு. இதில் நாயின் இடத்தில் மனிதன். வளர்ந்த புழு நம் குடலில், முட்டை நம் மலத்தில், அந்த மலத்தைத் தின்கிற பன்றியின் சதையில் சிறு சிறு கட்டிகள். அந்தக் கறியை வேகாமல் தின்றால் நமக்குக் குடலில் புழு. அதே முட்டை ஒரு மனிதனின் வாய்க்குள் போனால் மூளையில் கட்டி, வலிப்பு.

நாய்க்குட்டியின் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும். முன்னது மண் வழியாகக் குழந்தைகளின் வாய்க்குள் போகும், ஈரலுக்கும் சில சமயம் கண்ணுக்கும் போய்ச் சேரும். பின்னது வெறுங்காலின் தோலில் நுழைந்து, அரிக்கும் சிவந்த கோடாக ஊர்ந்து போகும்.

சதைப்புழு, அதாவது டிரிக்கினெல்லா. பன்றி, காட்டுப்பன்றி, கரடி போன்றவற்றின் சதையில் சுருண்டு கிடக்கும். வேகாத கறி ஒன்றுதான் வழி.

2. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

கடப்பாரை, மண்வெட்டி, சுண்ணாம்பு, குழியை மூட ஒரு பலகைக்கல். பழைய அண்டா ஒன்று, இனி அது வேறு எதற்கும் பயன்படக் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் சங்கிலி அல்லது கயிறு. ரப்பர் கையுறை, எடை பார்க்கும் தராசு, ஒரு நோட்டு.

நோட்டில் முதலில் எழுத வேண்டியது நாய்க் கணக்கு. "எங்க தெருவுல ஆறு நாய்தான் அண்ணாச்சி" என்பார்கள். அது வீட்டு நாய்கள் மட்டும். கறிக்கடை வாசலில் படுத்திருப்பது, கிடையோடு வந்து போவது, யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் வீட்டிலும் தின்பது என்று இன்னொரு கூட்டம் இருக்கும். கணக்கில் விட்டுப்போன நாய் தெரு முழுவதற்கும் முட்டை போட்டுக்கொண்டிருக்கும், ஆகவே ராத்திரி ஒரு சுற்று போய் எண்ணுங்கள்.

இன்னொன்று: நாயைப் பிடித்து வாயைத் திறக்கப் போகிறீர்கள். வெறிநாய்க்கடி ஊசி போடாத நாய் என்றால் முதலில் அந்த ஊசியைப் போட ஏற்பாடு செய்யுங்கள். கால்நடை மருந்தகம் தூரமாக இருந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம்.

3. நாய்ப் பங்கை நிறுத்துங்கள்

மருந்துக்கு முன் இதைச் செய்வதற்குக் காரணம் ஏற்கெனவே சொன்னதுதான்: புழு நாய்க்குள் போகும் வாசல் ஆட்டின் ஈரலும் நுரையீரலும். வாசலை அடைக்காமல் வீட்டைக் கூட்டிப் பயனில்லை.

குழி எடுங்கள். ஆழம் ஆறடி இருந்தால் நல்லது. இரண்டடிக் குழி எடுத்து மண்ணைத் தள்ளிவிட்டு வருவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு, மறுநாள் காலையில் நாய்கள் அதைத் தோண்டி நடுத்தெருவில் பந்தி போட்டிருக்கும். பொத்தை (சின்னக் குன்று) ஓரத்தில் பாறை தட்டி அவ்வளவு ஆழம் போகாது என்றால், போன மட்டும் தோண்டி, மேலே பலகைக்கல் வைத்து, சுற்றிலும் உடைமுள்ளைப் போட்டு அடையுங்கள். கிணறு, குளம், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தடவை போட்ட பிறகும் கொஞ்சம் சுண்ணாம்பும் மண்ணும் போட்டால் நாற்றம் குறையும், நாயும் தேடி வராது.

குழியே முடியாது என்றால் வேக வையுங்கள். ஈரல், நுரையீரலைத் துண்டு போட்டு அண்டாவில் தண்ணீர் மூழ்க ஊற்றி, கொதி வந்த பிறகு அரை மணி நேரம் விடாமல் கொதிக்க வேண்டும். அதற்கப்புறம் நாய்க்கே போடலாம், அதில் கெடுதல் இல்லை. நாய்க்குப் போடாமல் இருக்க மனசு வராத ஆட்களிடம் நான் சொல்வது இந்த வழியைத்தான். "பச்சையா வேண்டாம் மாமா, வேகவச்சுப் போடுங்க" என்றால் கேட்டுக்கொள்கிறார்கள். "போடவே கூடாது" என்றால் நீங்கள் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்து போடுவார்கள்.

கட்டியை எப்படி அடையாளம் காண்பது? ஈரல் அல்லது நுரையீரலின் மேல் வெள்ளையாக, விறைப்பாக, உள்ளே தெளிந்த தண்ணீரோடு இருக்கும். சுண்டைக்காய் அளவும் இருக்கும், தேங்காய் அளவும் இருக்கும். இதல்லாமல் குடலைச் சுற்றிய கொழுப்புச் சவ்வில் மெல்லிய பைபோலத் தண்ணீர் தொங்குவதும் உண்டு, அது வேறொரு நாய் நாடாப்புழுவின் குஞ்சு. இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், இரண்டுமே நாய்க்குப் போகக் கூடாதவை. கத்தியால் குத்தி விளையாடவும் கூடாது, தெறித்த தண்ணீரை நக்க நாய் பக்கத்திலேயே நிற்கும்.

மூளையில் கட்டி வந்த ஆடு ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் சுற்றும். அதுவும் நாயின் குடலில் இருக்கும் இன்னொரு நாடாப்புழுவிலிருந்து வருவதுதான். அந்த ஆட்டின் தலை நேராகக் குழிக்குப் போகட்டும்.

இதில் ஒரு பயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கட்டி இருந்த ஈரலைத் தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டதால் உங்களுக்கு நீர்க்கட்டி வராது. நமக்கு வருவது நாய் மலத்து முட்டையிலிருந்து மட்டும். கட்டி உள்ள ஈரலைச் சாப்பிடச் சொல்லவில்லை, அதைத் தூக்கி எறிகிற இடம்தான் ஆபத்து என்கிறேன்.

கிடைக்காரர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கிடையில் செத்த ஆட்டை வரப்போரம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வது வழக்கம். வயதான ஆட்டின் கட்டிகள்தான் முற்றி, உள்ளே புழுக்குஞ்சு நிறைந்திருக்கும், ஆக செத்துப்போன கிழட்டுத் தாயாடு ஒன்று நாலைந்து இளங்கிடாவைவிட மோசம். கிடை நாய் தின்னாவிட்டால் ஊர் நாய் தின்னும், அதுவும் இல்லாவிட்டால் குள்ளநரி. புதைக்க ஆள் கொடுங்கள், மண்வெட்டியை நீங்களே கொண்டுபோங்கள்.

4. கொடை நாளுக்கு முந்தைய நாள்

சுடலைமாடன் கோயிலிலோ இசக்கியம்மன் கோயிலிலோ கொடை என்றால் ஒரே ராத்திரியில் பல கிடா விழும். வருஷம் முழுக்க ஒழுங்காக இருந்த ஊர் அந்த ஒரே ராத்திரியில் பழைய நிலைக்குப் போய்விடும். ஆகவே குழியை முந்தின நாளே எடுத்துவிட வேண்டும், வெட்டிய பிறகு யாரும் கடப்பாரையைத் தொட மாட்டார்கள், பசி.

சாயங்காலமே நாய்களைக் கட்டுங்கள். உரிக்கிற இடத்துக்கு ஒரே ஒரு இடம்தான் என்று கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிக்காரர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு வீடு பங்கு பிரித்து அவரவர் வாசலில் அரிந்தால் உங்களால் கண்காணிக்கவே முடியாது. குடல் கழுவிய தண்ணீர் ஓடையில் போகட்டும் என்று விடாமல் அதையும் குழியில் ஊற்றுங்கள். இதைச் சொல்ல ஊரில் பெரிய ஆள் ஒருவர் வேண்டும். இளவட்டங்கள் சொன்னால் "எங்க பாட்டன் காலத்துல இருந்து வெட்டுதோம், நீ என்னலே புதுசா" என்று முடிந்துவிடும்.

5. நாய்க்கு மருந்து

இப்போது மாத்திரை. நாடாப்புழுவுக்கு வேண்டியது பிராசிகுவாண்டல், நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மற்றப் புழுக்களுக்கான மருந்தும் சேர்ந்த மாத்திரை, பத்துக் கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். அட்டையில் பிராசிகுவாண்டல் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், அளவைக் கால்நடை டாக்டரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் பார்க்க ஒல்லி, தூக்கினால்தான் தெரியும். நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்தால் நாயின் எடை. அளவு குறைந்தால் புழு சாகாது.

கொடுக்கும் முன் கட்டுங்கள், கொடுத்த பிறகு அல்ல. இதில் வரிசை மாறவே கூடாது. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. செத்த புழுவும் அதன் முட்டைகளும் அடுத்த இரண்டு நாள் மலத்தில் மொத்தமாக வெளியே வரும். அந்த நேரத்தில் நாய் ஊர் சுற்றினால் மருந்து கொடுத்ததே முட்டையைத் தெருவெங்கும் பரப்பியதில் முடியும். இரண்டு நாள் கட்டிப் போட்டு, மலத்தைக் கையுறையோடு அள்ளி எரியுங்கள் அல்லது அதே ஆழக்குழியில் போடுங்கள். கட்டியிருந்த தரையில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள். கிருமிநாசினி, பினாயில் எதுவும் இந்த முட்டையை ஒன்றும் செய்யாது, சூடும் காய வைக்கிற வெயிலும்தான் எமன்.

அடிக்கடி நடக்கும் தப்புகள்:

ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தை நாய்க்கும் ஊற்றுவது. மருந்து வேறு, அளவு வேறு.

ஐவர்மெக்டின் ஊசி போட்டாச்சே என்பது. உண்ணிக்கும் சில உருண்டைப்புழுக்களுக்கும் சரி, நாடாப்புழுவை அது தொடாது.

"மலத்துல புழுவே இல்லியே" என்பது. நீங்கள் பார்க்கிற அரிசி மாதிரித் துண்டுகள் தெள்ளுப்பூச்சி வழியாக வரும் வேறு நாடாப்புழு. நீர்க்கட்டிப் புழுவின் துண்டு கண்ணில் படாத அளவு சின்னது. ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு ஒன்றும் இல்லை என்று பொருள் கிடையாது.

தடவை எத்தனை? ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் புழு முட்டையிடும் வயதுக்கே வராது. காசும் ஆளும் இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது. ஆனால் மூன்றாவது படி ஒழுங்காக நடக்கிற ஊரில்தான் இந்தச் சலுகை.

6. குட்டிகள்

குட்டி பிறக்கும்போதே தாயிடமிருந்து உருண்டைப்புழுவை வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது, மூன்று வாரத்தில் முட்டை போடத் தொடங்கிவிடும். குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவது அந்த வயதுக் குட்டியைத்தான். இரண்டு வாரத்தில் முதல் மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம் ஆகும் வரை. தாய்க்கும் கூடவே. குட்டிகளுக்குத் திரவ மருந்து கிடைக்கும், டாக்டர் எழுதித் தருவார்.

உருண்டைப்புழு முட்டை மண்ணில் விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். தினமும் மலத்தை அள்ளினால் பாதி வேலை முடிந்தது. வீடு கட்டக் கொட்டிய மணலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், நாயும் பூனையும் தேடிப் போகிற இடம் அது, குழந்தைகள் விளையாடுகிற இடமும் அது. மாசமாக இருக்கிற பெண்கள் பூனை மலம் கிடக்கும் மணலையும் சாம்பலையும் அள்ள வேண்டாம், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

7. பன்றியும் கக்கூசும்

இங்கே மருந்தைவிடக் கதவு முக்கியம். பன்றி மனித மலத்தைத் தின்னாமல் இருந்தால் அதன் சதையில் இந்தக் கட்டி வராது. கக்கூஸ் கட்டியும் ஓடைக்கரைக்குப் போகிற வீடுகளைக் கணக்கெடுங்கள். பல இடங்களில் காரணம் தண்ணீர்தான், அதைச் சரிசெய்யாமல் புத்தி சொல்லிப் புண்ணியமில்லை. பன்றி வளர்ப்பவர்கள் பட்டி போட்டு அடைத்து வளர்க்க வேண்டும்.

"நாங்க பன்னிக்கறியே தொட மாட்டோம்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: மூளைக்குப் போவது கறியிலிருந்து அல்ல, குடலில் புழு உள்ள ஒரு மனிதனின் கழுவாத கையிலிருந்து. சமைப்பவருக்குப் புழு இருந்தால் சுத்த சைவ வீட்டிலும் வலிப்பு வரும்.

8. கறியை வேக வைப்பது

வீட்டுக் குக்கரில் வெந்த கறியைப் பற்றிப் பேச்சே இல்லை, எந்தப் புழுவும் தப்பாது. சிக்கல் சுட்ட கறியில். வெளியே கரிந்து உள்ளே சிவப்பாக இருக்கும் துண்டு வேகாத துண்டுதான். நடுவில் சிவப்பும் இரத்தநீரும் இல்லாமல் போகும் வரை வேகட்டும்.

உப்புக்கண்டத்தை நம்பாதீர்கள். உப்பும் வெயிலும் புகையும் சதைப்புழுவை உறுதியாகக் கொல்லாது, வறுத்தோ குழம்பில் போட்டோ நன்றாக வேக வைத்துத்தான் தின்ன வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் சாகும் என்பதும் காட்டு விலங்குக் கறிக்குப் பொருந்தாது. வடதுருவப் பக்கம் கரடியையும் வால்ரஸையும் வேட்டையாடித் தின்னும் மக்களிடம் உள்ள சதைப்புழு வகை, உறைந்த கறியிலும் உயிரோடு இருக்கும்.

நம் மலையடிவாரத்தில் வெள்ளாமையில் செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றியை யாரும் அறுக்கக் கூடாது, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். சட்டம் ஒருபக்கம். எதனால் செத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கறி அது, நாயும் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. கை, கீரை, தண்ணீர்

நாயைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவது முட்டையைக் கொல்வதற்கு அல்ல, உரசித் தள்ளிவிடுவதற்கு. அதனால்தான் தண்ணீர் இல்லாமல் தேய்க்கிற கைத்திரவம் (சானிடைசர்) இதற்கு உதவாது. நகத்தை வெட்டுங்கள். கீரை, மல்லித்தழையை ஓடும் தண்ணீரில் அலசுங்கள், தோட்டத்துக்கு முள்வேலி போடுங்கள். வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காட்டு வேலைக்குச் செருப்பு.

10. ஆட்களுக்குப் பரிசோதனை

பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் அல்பெண்டசோல் குடலில் உள்ள உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு. அது நல்லது, விடாமல் கொடுங்கள். நீர்க்கட்டி வராமல் அது தடுக்காது.

வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, பசி குறைந்திருக்கிறது, நாள்பட்ட இருமல் போகவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "வீட்ல நாயும் ஆடும் உண்டு" என்று நீங்களே சொல்லுங்கள், அந்த ஒரு வரி அவரை நேராகச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி போன்ற இடங்களில் இதைப் பார்ப்பார்கள். கட்டியின் அளவையும் நிலையையும் பார்த்து மாத்திரையா, ஊசி வழியா, ஆபரேஷனா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவுவதை இந்த ஊர்களில் நிறுத்தியே ஆக வேண்டும். உள்ளே நீர்க்கட்டி இருந்து அது உடைந்தால் அதன் தண்ணீர் ஒவ்வாமையைக் கிளப்பி ஆளையே கொண்டுபோய்விடும். பிழைத்தாலும் உடைந்த கட்டியிலிருந்து புதுக் கட்டிகள் முளைக்கும்.

பெரியவர் ஒருவருக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, நின்றதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூளை ஸ்கேன் எடுக்கும் முன் பூச்சி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூளையில் உள்ள கட்டிகள் ஒரே நேரத்தில் செத்தால் வீக்கம் வந்து வலிப்பு கூடும், அதனால்தான் டாக்டர்கள் வீக்கத்துக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

11. அடுத்த சுற்று

நோட்டில் நாய் வாரியாகத் தேதி, எடை, மாத்திரை அளவு, கட்டிய நாட்கள். செத்த நாய், புதிதாக வந்த நாய், ஈன்ற நாய் மூன்றையும் அந்தந்த வாரமே குறியுங்கள். வெளியூரிலிருந்து வாங்கி வந்த நாயை மருந்து கொடுத்து இரண்டு நாள் கட்டி வைத்த பிறகே தெருவில் விடுங்கள்.

ஆட்டில் கட்டி குறைகிறதா என்று கறிக்கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாருங்கள். உடனே குறையாது. முன்பே கட்டி வந்த ஆடுகள் சாகும் வரை அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். இளங்கிடாக்களின் ஈரல் சுத்தமாக வரத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி, ஆகவே எழுதும்போது ஆட்டின் வயதையும் பல்லைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.